மாலா அக்கா போட்ட டிரம்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணி இருக்கும். ஷெட்டில் ரப்பர் கையுறையோடு நின்றிருந்தேன். போன் அடித்தது. கையுறையைக் கழற்றி, கையைத் துடைத்து எடுப்பதற்குள் நின்றுபோய் மறுபடி அடித்தது. தளவானூர் விவசாயி ஏழுமலை.

"மேடம், விஷயம் தெரியுமா? மாலாம்மா போய்ட்டாங்களாம். விடியக்காலத்துல. மண்டைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்குதுன்றாங்க. மேல்சித்தாமூர்ல என் மச்சான் இருக்கான், அவன்தான் சொன்னான்."

பிறகு தனக்குத்தானே கேட்டுக்கொள்வதுபோல, "அப்ப நம்ம டிரம்மு இனிமே யாரு போடுவாங்க?" என்றார். கேட்டதும் அவருக்கே கூச்சமாகிவிட்டது. "தப்பா எடுத்துக்காதம்மா, ஏதோ வாயில வந்துட்டுது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் அப்போது ஒரு டிரம்மை ஒட்டித்தான் நின்றிருந்தேன். நான்கு வருடமாக அதே ஷெட்டில் டிரம் போடுகிறேன். மண்ணியலில் எம்.எஸ்சி. படித்திருக்கிறேன். கூட வேலை பார்த்தவர் இறந்த செய்தியைக் கேட்டதும் முதலில் எனக்கு வந்தது, 'அப்படியானால் நான் யார்?' என்ற கோபம். அழுகை அதற்குப் பிறகு, மேல்சித்தாமூர் போகும் பேருந்தில் வந்தது. இந்த வரிசையை மாற்றி எழுதினால் மாலா அக்காவைப் பற்றி நான் உண்மையாக எதையும் எழுத முடியாது. எனக்கு அவர்மேல் பொறாமை இருந்தது. அந்தப் பொறாமையில் ஒரு காரியம் செய்தேன். அவர் உயிரோடு இருந்தவரை அதை அவரிடம் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்காகவும்தான் நம் உழவர் குழுவின் இதழில் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன்.

உங்களில் பெரும்பாலானவர்கள் அவரிடம் கேன் வாங்கியவர்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். திருவண்ணாமலை சாலையில் அரிசி ஆலைக்குப் பின்னால் இருக்கிறது நம் ஷெட். அமாவாசைக்கு மறுநாள் மேல்மலையனூர் கோயிலிலிருந்து வண்டியில் வரும் பூமாலைகளும், மார்க்கெட் கமிட்டியில் நெல்லைத் தூற்றி ஒதுக்கும் பதரும், சாணமும் சேர்ந்து அங்கே மண்புழு எருவாகின்றன. அந்த எருவைக் காரக் கரைசலில் ஊறவைத்துக் கலக்கி வடிகட்டினால் காபி டிகாக்‌ஷன் போல ஒரு கறுப்புச் சாறு இறங்கும். அதில் அமிலம் விட்டால் ஹியூமிக் அமிலம் திரண்டு அடியில் வண்டலாகப் படியும். வண்டலை மட்டும் எடுத்து மறுபடி சிறிது காரத்தில் கரைத்துக் கேனில் நிரப்புகிறோம். தண்ணீரில் கலந்து வேருக்கு விட்டால், போட்ட உரத்தையெல்லாம் ஓடவிட்டுக்கொண்டிருந்த மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேர் பரவும். இந்த முழு வேலைக்கும் எங்கள் பேச்சில் டிரம் போடுவது என்று பெயர்.

ஷெட் தொடங்கிய நாளிலிருந்தே மாலா அக்கா அங்கே இருந்தார். மேல்சித்தாமூரில் விவசாயம் செய்யும் சமணக் குடும்பம். பிளஸ் டூ வரை படித்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இறக்கும்போது அவருக்கு முப்பத்தொன்பது. நான் வேலைக்குச் சேர்ந்து அவரை 'அக்கா' என்று கூப்பிட ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை, 'இங்க பாருங்க', 'கொஞ்சம் வர்றீங்களா' என்றே ஓட்டினேன். அவரோ முதல் நாளே எனக்குப் பெயர் வைத்துவிட்டார். "ஏ எம்மெஸ்ஸி, சாப்டியா?" கிண்டல் செய்கிறார் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

முதல் சண்டை புழுவால் வந்தது. நான் சேர்ந்த இரண்டாவது வாரம். எரு நன்றாக முதிர்ந்திருந்தது. சலித்து டிரம்மில் கொட்டச் சொன்னேன். மாலா அக்கா வந்து கூடையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு, இரு. இன்னும் உள்ள இருக்குதுங்க."

"பெரிய புழு எல்லாத்தையும் எடுத்தாச்சே."

"குட்டிங்க? முட்டைங்க? உசுரு இருக்குற எருவுல காரம் ஊத்துவியா நீ?"

அவர் செய்யும் முறை வேறு. எருக்குவியலின் ஒரு முனையில் தர்பூசணித் தோலும் புதுச்சாணமும் வைப்பார். மறுமுனையைக் காயவிடுவார். புழுக்கள் ஈரத்தையும் தீனியையும் தேடி மெதுவாக இந்த முனைக்கு வந்து சேரும். அவற்றை அள்ளி வேறு தொட்டியில் விடுவார். பிறகு முட்டைகள் பொரியக் காத்திருந்து, குட்டிகளையும் இதே போல வரவழைப்பார். இதற்கு மூன்று வாரம் போய்விடும். வருடத்துக்கு எத்தனை டிரம் இதனால் குறைகிறது என்று நான் ஒரு தாளில் எழுதி அவரிடம் நீட்டினேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா அவசரம் உனக்கு? மண்ணு இன்னா பஸ்ஸா புடிக்கப் போவுது?"

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் பல மாதம் மனதில் வைத்திருந்தேன். பிறகு படித்துப் பார்த்ததில், எரு கூடுதலாக முதிரும்போது அதில் ஹியூமிக் பொருள் கூடுகிறது என்று தெரிந்தது. அவர் டிரம் கறுப்பாக இறங்குவதற்கு அந்த மூன்று வாரமும் ஒரு காரணம். சான்றிதழ் கொடுப்பவளைப்போல அவரிடம் போய்ச் சொன்னேன். "அப்டியா? புழுவுக்கும் நல்லதாப் போச்சு, எருவுக்கும் நல்லதாப் போச்சு" என்றபடி சாணத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் எத்தனையோ கட்டுரைகளைப் புரட்டி வந்து சேர்ந்த இடத்தில் அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அங்கே வந்ததற்கு அவருக்குக் காரணம்கூடத் தேவைப்படவில்லை.

தர்பூசணித் தோல் இருந்தால் கோட்டை மலைக் குரங்குகள் வந்துவிடும். மாலா அக்கா ஒரு கல் எடுத்து வீசி நான் பார்த்ததில்லை. தோலின்மேல் கம்பிக் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் செங்கல் வைப்பார். செங்கல்லின்மேல் ஒரு கிழட்டுக் கடுவன் வந்து உட்காரும். "டேய், புழுவுக்கு வச்சதுடா அது. வெக்கமா இல்ல உனக்கு?" என்று அதனிடம் நியாயம் பேசுவார். ஒருநாள் அந்தக் கடுவன் நான் மேசையில் வைத்திருந்த பி.எச். மீட்டரைத் தூக்கிக்கொண்டு தகரக் கூரைமேல் ஏறிவிட்டது. நான் கத்துகிறேன், குதிக்கிறேன். மாலா அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "எம்மெஸ்ஸி, உன் உசுரு மேல உக்காந்துனு இருக்குது பாரு." பிறகு தன் பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்துக் காட்டினார். குரங்கு இறங்கி வந்து மீட்டரை வைத்துவிட்டுப் பழத்தை வாங்கிக்கொண்டு போயிற்று. நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. குரங்குகூட அவர் சொன்னால் கேட்கிறதே என்று நினைத்தது மட்டும் நினைவிருக்கிறது.

வடிகட்டுவதிலும் அவரை என்னால் எட்ட முடியவில்லை. காரச் சாற்றைத் துணியில் வடிகட்டும்போது என் துணி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அவர் துணியை இரண்டாக மடிப்பார், மூலைகளை இழுத்துக் கட்டும்போது நடுவில் சரியான அளவு தொய்வு விடுவார். சாறு தெளிவாக இறங்கும். "எங்க வூட்ல குடிக்கிற தண்ணிய வடிகட்டாம எடுக்க மாட்டோம். துணியில தங்குனத எந்தத் தண்ணியில எடுத்தோமோ அதுலயே அலசி விட்டுடுவோம். நான் நடக்கறதுக்கு முன்ன கத்துக்குனு இருப்பேன் இத" என்றார். அதே வழக்கத்தை ஷெட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். துணியில் மிஞ்சிய சக்கையை நாங்கள் குப்பையில்தான் போட்டுவந்தோம். அவர் அதைப் பல தண்ணீரில் அலசி, லிட்மஸ் தாள் நிறம் மாறாத நிலை வரும்வரை காரத்தைப் போக்கி, எருக்குவியலுக்கே திருப்பிக் கொடுத்தார்.

நான் தனியாக இருக்கப் பிடித்தவள். வண்டல் படியக் காத்திருக்கும் நேரத்தில் சுவர் ஓரமாக உட்கார்ந்து புத்தகம் படிப்பேன். "இன்னா கதை?" என்று கேட்பார் மாலா அக்கா. இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவேன். ஒருநாள் மாலைகளிலிருந்து நார் பிரிக்கும் பெண்களிடம் அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறைவில் நின்று கேட்டேன். நான் இரண்டு வரியில் சொன்ன கதை! அந்த இரண்டு வரியிலிருந்து அவராகவே ஒரு குடும்பத்தை உருவாக்கி, ஒரு மாமியாரைச் சேர்த்து, முடிவையும் மாற்றியிருந்தார். சேர்க்கப்பட்ட மாமியார்தான் கதையிலேயே நல்ல பாத்திரம். முந்நூறு பக்கம் படித்த எனக்கு வராத கண்ணீர் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு வந்துவிட்டது.

இவையெல்லாம் சின்ன விஷயங்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். சேர்த்து வைத்தால் கனக்கும். கேன் வாங்க வரும்போது நீங்கள் வாசலிலேயே கேட்பீர்கள்: "மாலாம்மா போட்டதா, மேடம் போட்டதா?" நான் போட்டது என்றால், "சரி, இருக்கட்டும், வியாழக்கிழமை வர்றேன்" என்று போய்விடுவீர்கள். நான் மேடம், அவர் மாலாம்மா. அதுவும் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

எனவே இரண்டு பேர் டிரம்மிலிருந்தும் மாதிரி எடுத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று நான்தான் குழுக் கூட்டத்தில் யோசனை சொன்னேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மாலா அக்காவும் தலையாட்டினார். மாதிரி எடுத்தது நான். டிரம் சில நாள் நின்றிருந்தால் கனமான பகுதி கீழே இறங்கி, மேல்பாகம் நீர்த்திருக்கும். கலக்கிவிட்டுத்தான் மொள்ள வேண்டும். என் டிரம்மைச் சவுக்குக் கழியால் அடிவரை கலக்கி மொண்டேன். அவருடைய டிரம்மைக் கலக்கவில்லை. மேலாக்க ஒரு கரண்டி எடுத்துப் பாட்டிலில் ஊற்றி மூடிவிட்டேன்.

மறந்துபோய்ச் செய்ததல்ல. கழி என் கையில்தான் இருந்தது.

முடிவு வந்தது. என் டிரம்தான் மேல் என்று அதில் இருந்தது. குழுத் தலைவர் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஷெட் சுவரில் ஒட்டினார். அடுத்த கூட்டத்தில் என்னைத் தயாரிப்புப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். மாலா அக்கா எனக்குக் கீழே வேலை செய்பவர் ஆனார். தாளைப் படித்துவிட்டு, "நல்லதாப் போச்சு. அப்ப உன் டிரம்மும் போவும், என்னுதும் போவும்" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் எதையாவது பார்த்துவிட மாட்டோமா என்று தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

இனிச் சொல்வது ஏழுமலையின் தர்பூசணி பற்றி. அவர் அனுமதியோடு எழுதுகிறேன். பொறுப்பாளர் ஆன பிறகு வந்த தை மாதம், அவர் தர்பூசணி போட்டிருந்த கொல்லியில் சொட்டுநீர்க் குழாய் வழியாக ஹியூமிக் விட்டுக் காட்டலாம் என்று ஏற்பாடு செய்தேன். மாலா அக்காவைக் கூப்பிடவில்லை. நானே போனேன், நானே தொட்டியில் கலந்தேன், சுற்றி நின்ற பத்துப் பதினைந்து பேருக்கு நானே விளக்கிச் சொன்னேன். பேசிக்கொண்டிருக்கும்போதே ஏழுமலை தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, திரிஞ்ச பாலாட்டம் இருக்குது?"

கறுப்புத் திப்பி திப்பியாக மிதந்தது. அதற்குள் பாதித் தொட்டி குழாயில் போய்விட்டிருந்தது. சொட்டுவாய்கள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டன. அந்த ஆழ்துளைக் கிணற்றில் சுண்ணாம்பு ஏறிய உப்புத் தண்ணீர். சுண்ணாம்பு கலந்த நீரில் ஹியூமிக் திரிந்துபோகும் என்பது நான் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிய விடை. தொட்டி அருகே நிற்கும்போது அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அடைப்பை எடுத்துப் புதுக் குழாய் போடுவதற்குள் பாதிக் கொல்லியில் கொடி வாடிவிட்டது. பிஞ்சுகள் உதிர்ந்தன. வருடத்துக்கு அவர் நம்பியிருந்த ஒரே வெள்ளாமை அது.

இதில் எனக்கு இன்றும் தலைகுனிவாக இருப்பது வேறு ஒன்று. புதிதாகக் கேன் வாங்க யார் வந்தாலும் மாலா அக்கா, "உன் கெணத்துத் தண்ணி ஒரு பாட்டில் எடுத்தா" என்று அனுப்புவார். சாப்பிட்ட பிறகு அந்தப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் தண்ணீரை வடிகட்டிக் குடிப்பவர் ஆயிற்றே, தண்ணீரில் உயிர் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கிறார், இதுவும் அவர்கள் மத வழக்கம் போலிருக்கிறது என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். மூன்று வருடம் பக்கத்தில் இருந்தும் ஒருமுறை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்: பாட்டிலில் சிறிது ஹியூமிக் விட்டு, திரிகிறதா என்று பார்க்கிறார், திரிந்தால், ஏரித் தண்ணீரிலோ வேறு கிணற்றுத் தண்ணீரிலோ கலந்துகொள்ளச் சொல்லி அனுப்புகிறார். அவர் கேன்கள் உங்கள் வயலில் ஒருமுறைகூடப் பிசகாததற்குக் காரணம் அதுதான்.

ஆவணி மாதத்தில் சமணர்களுக்குப் பத்து நாள் நோன்பு வரும். அது முடிந்ததும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள். முந்தைய வருடங்களில் மாலா அக்கா ஷெட்டில் எல்லோரிடமும் வந்து கைகூப்பி, "தெரிஞ்சும் தெரியாமலும் எதுனா செஞ்சிருந்தா மன்னிச்சிக்கோங்க" என்பார். பெண்களும் சிரித்துக்கொண்டே, "எங்களையும் மன்னிச்சிடு மாலா" என்பார்கள். சென்ற ஆவணியில் எல்லோரும் கிளம்பும்வரை அவர் காத்திருந்தார். பிறகு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"உங்கிட்ட பொதுவா கேட்டா அது கேட்டதா ஆவாது. அதான் தனியா வந்தேன்."

"இன்னாக்கா?"

"நீ தளவானூர் போறேன்னு சொன்ன பாரு, அதுக்கு முன்னயே அந்தப் பக்கத்துக் கொல்லிக்காரர் பாட்டில் எடுத்தாந்திருந்தாரு. திரிஞ்சி போச்சு. அந்தப் பக்கத் தண்ணி ஆவாதுன்னு எனக்குத் தெரியும். நீ கேனத் தூக்கிக்குனு கெளம்புறப்போ வாய் வரைக்கும் வந்துது. சொல்லல."

நான் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

"அந்தத் தாள ஒட்டுனதுலேர்ந்து உம்மேல எனக்குப் பொறாம. வெளிய காட்டிக்கல. நீ ஒரு தடவ தோத்துட்டு வரணும்னு இருந்துச்சு. அதுக்கு அந்த மனுசன் கொடி காஞ்சுது. அவர்கிட்ட நேரா போய்க் கேட்டுட்டேன். திட்டுனாரு. அப்பறம் காப்பித் தண்ணி குடுத்தாரு. இப்ப உங்கிட்ட கேக்குறேன். மன்னிச்சிக்கோ."

பதிலுக்கு எதிரில் இருப்பவரும் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுதான் வழக்கம் என்று எனக்குத் தெரியும். அவர் பொறாமைப்பட்ட தாளே பொய்த்தாள் என்பதும், அந்தப் பொய்யிலிருந்துதான் ஏழுமலையின் கொடி காய்ந்ததும் அந்த நிமிடத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர் வைத்த வார்த்தை மேசைமேல் இருந்தது. அதன் பக்கத்தில் என்னுடையதை வைக்க வேண்டியதுதான் பாக்கி. வைத்தால் பொறுப்பாளர் வேலை போகும். உங்கள் முன்னால் நிற்க முடியாது. இவ்வளவையும் யோசித்துவிட்டு நான் சொன்னது: "பரவால்லக்கா. டீ சாப்புடுறீங்களா?"

"வேணாம். பொழுது சாஞ்சிட்டுது" என்றார். இருட்டிய பிறகு அவர் எதுவும் சாப்பிடுவதில்லை. பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தம் நோக்கி நடந்தார். அவருக்கும் பொறாமை வந்திருக்கிறது என்று கேட்டதும் எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. அதையும் என்னைவிட நன்றாகச் செய்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் பொறாமைப்பட்டார், தவறினார், வாயால் சொன்னார், கை கழுவியதுபோல மறுநாள் வந்து, "ஏ எம்மெஸ்ஸி, சாப்டியா?" என்று கேட்டார். நான் என்னுடையதை அப்படியே வைத்திருந்தேன். அதன்பிறகு ஏழு மாதம் ஒரே ஷெட்டில் இருந்தோம். ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கலாம்.

இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னீர்கள். பொறுமையானவர், உழைப்பாளி, எல்லோரிடமும் அன்பாகப் பழகியவர் என்று மூன்று நிமிடம் பேசினேன். யாரைப் பற்றி வேண்டுமானாலும் பேசக்கூடிய பேச்சு. வீட்டுக்கு வந்த பிறகு என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேல்சித்தாமூர் போனேன். மாலா அக்காவின் கணவர் தரணேந்திரன் களத்தில் மல்லாட்டைக் கடலையைக் காயப்போட்டுக் காலால் பரப்பிவிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டி, தாள், பதவி, ஆவணி மாதத்து மாலை எல்லாம். அவர் பரப்புவதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகு வரிசையின் கடைசி வரை போய்த் திரும்பி வந்தார்.

"அவகிட்ட சொல்ல வேண்டியது. அவ இல்ல. எங்கிட்ட எறக்கி வச்சிட்டு லேசா ஊரு போய்ச் சேரலாம்னு பாக்குற. நான் வாங்கிக்க மாட்டேன்மா."

"வேற யாருகிட்ட சொல்றதுங்க?"

"அந்தத் தாள நானா படிச்சேன்? யாரு படிச்சாங்களோ அவங்ககிட்ட போய்ச் சொல்லு. மாலா டிரம்மு மட்டம்னு நெனச்சவங்க எத்தினி பேரு இருப்பாங்க? அவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லு." கொஞ்சம் நிறுத்தி, குரல் தணிந்து, "வெயில் எறங்குது. உள்ள சாப்பாடு இருக்குது, சாப்டுட்டுப் போ" என்றார்.

சாப்பிட்டேன்.

ஆகவே உங்களிடம் சொல்கிறேன். மாலா அக்காவின் டிரம் எந்த நாளும் மட்டமானதாக இருந்ததில்லை. மட்டமானது நான் எடுத்த மாதிரி. சுவரில் இருந்த தாளை நானே கிழித்துவிட்டேன். தலைவரிடமும் முழுவதையும் சொல்லியிருக்கிறேன். பொறுப்பில் யார் இருப்பது என்பதை இதைப் படித்துவிட்டு அடுத்த கூட்டத்தில் நீங்கள் தீர்மானியுங்கள். ஏழுமலை, உங்களிடம் தனியாக வந்து கேட்டேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் சரிதான்.

அவரிடமிருந்து எதை எடுத்து வைத்துக்கொண்டாய் என்று யாராவது கேட்டால், ஜீவகாருண்யம் என்றோ பொறுமை என்றோ சொல்ல எனக்கும் ஆசைதான். இரண்டும் எனக்கு இன்னும் கூடவில்லை. புழு நகரக் காத்திருக்கும் மூன்று வாரமும் நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உண்மையில் என்னிடம் மிச்சமிருப்பது அந்தப் பொறாமைதான். துக்கம் நாளாக ஆகக் குறையும் என்கிறார்கள், குறையட்டும். பொறாமை குறையாமல் பார்த்துக்கொள்வேன். அவர் இருந்தவரை அதற்குச் சுலபமான ஒரு வழி இருந்தது: என்றைக்காவது அவர் சறுக்குவார் என்று காத்திருக்கலாம், சறுக்காவிட்டால் ஒரு கரண்டியால் சறுக்க வைக்கலாம். இனி அவர் சறுக்கப் போவதில்லை. நன்றாகச் செய்வதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.